ஓயாவில் ஒரு கச்சேரி

ரொனி அழைத்தபோது சுபோதினி வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுபோ, எனக்கு தோள்ல ஒப்பரேஷன். செப்டெம்பர்ல வெட்டுறாங்களாம்."

"என்னடா சொல்லுறாய்? எந்தத் தோள்?"

"வலது. கிரேன்ல இருபது வருஷம் இருந்தா இதான் கிடைக்கும். டொக்டர் சொல்றார், அதுக்குப் பிறகு துடுப்பெல்லாம் மறந்திரணுமாம்." கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்கு முன்னால் போகும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. "அதுக்கு முதல் ஒருக்கா ஓயாவுக்கு போவமா?"

நாட்டில் எத்தனையோ ஓயாக்கள், சிற்றாறுகள், இருந்தன. எந்த ஓயா என்று அவள் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாகிறது. ஆனாலும் ஒரே ஒரு ஓயாதான் இருந்தது.

"எனக்கு நாப்பத்திமூண்டு வயசு, ரொனி."

"எனக்கு நாப்பத்தஞ்சு. நான் வயசையா கேட்டேன்?"

சந்தைக்காரர் வெண்டிக்காயை நிறுக்கவா என்று சைகையில் கேட்டார். அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தாள். அதற்குள் ரொனி அதைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டு, "அப்ப ஞாயித்துக்கிழமையில இருந்து பழகுவம்" என்று செய்தி அனுப்பியிருந்தான்.

சுபோதினி உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு நாலாம் மாடி ஃபிளாட்டில் கணவன் தர்ஷன், மகள் மேனுகா, தகப்பன் தில்லைநாதன் ஆகியோரோடு இருந்தாள். அவளிடம் படித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது, இந்த டீச்சர் ஒரு காலத்தில் தலையில் கவசமும் இடுப்பில் ரப்பர்ப் பாவாடையும் கட்டிக்கொண்டு நுரை பொங்கும் ஆற்றில் படகோட்டியவள் என்று.

அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு தொடங்கியது. சமாதானம் வந்துவிட்டதென்று எல்லோரும் நம்பிய காலம். ஓர் உயிர்காப்புப் பயிற்சி வகுப்பில் ரொனி அவளுக்கு அறிமுகமானான். அவனுடைய தகப்பன் சிறில் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். அங்கே வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது இரண்டு கயாக்குகளைச் சிறிலிடம் விட்டுப்போனார். ஒன்று சிவப்பு, மற்றது வெயிலில் வெளிறிய மஞ்சள். ஒரு ஆள் மட்டும் கால் நீட்டி உட்காரக்கூடிய, வாழைப்பூ மடல் மாதிரி மொத்தமான பிளாஸ்டிக் படகுகள். கூடவே படம் போட்ட ஒரு புத்தகம். சிறிலுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. ரொனிக்கு விளங்கியது. ஆனால் தனியாகப் பழகப் பயமாக இருந்தது.

அவர்கள் வெள்ளவத்தைக் கடலில் பழகினார்கள். தண்டவாளத்துக்கு அப்பால், கற்பாறைகள் அலையை மறிக்கும் இடத்தில். கவிழ்ந்தால் படகை விட்டு வெளியே வராமல், துடுப்பால் தண்ணீரை அழுத்தி, இடுப்பைச் சுண்டி, திரும்ப நிமிர வேண்டும். அதுதான் முதற் பாடம். அதைப் பழக அவளுக்கு ஏழு கிழமை எடுத்தது. பின்னேரங்களில் தண்டவாளத்தில் சனம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. கச்சான் கடலை விற்பவர்கூட வந்துவிட்டார். ஒருநாள் அவள் வீடு திரும்புமுன்னே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது.

"தில்லைநாதண்ணை, உங்கட பிள்ளை கடலுக்குள்ள தலைகீழா நிக்குது!"

பிறகு கிதுல்கல. அவிசாவளை பஸ்ஸில் போய், அங்கே படகுக்கொட்டில் வைத்திருந்த சுனில் என்பவரோடு சிநேகமாகி, ஒவ்வொரு ஞாயிறும் களனி கங்கையில் இறங்கினார்கள். முதல் நாளே சண்டை. நுரைக்குள் அவள் அள்ளுண்டு போய்க்கொண்டிருக்க, ரொனி பின்னாலிருந்து "எடி! எடி!" என்று கத்தினான். கரைக்கு வந்ததும் அவள் துடுப்பை நிலத்தில் குத்தினாள்.

"ஆரடா உனக்கு எடி? என்ர அப்பாகூட என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்லை!"

ரொனி முழித்தான். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி நிற்கும் அமைதியான இடத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர், அங்கே ஒதுங்கச் சொல்லித்தான் கத்தினேன் என்று அவன் புத்தகத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் அவளுடைய கோபம் தணிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் அவனைப் பார்த்து அவள் "எடா!" என்று கத்துவாள். சுனில் ஒன்றும் விளங்காமலே கூடச் சிரிப்பார்.

கங்கை கைவந்த பிறகு ஓயாவைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கு மேலேயிருந்து இறங்கி வந்து கங்கையில் கலக்கும் ஒடுங்கிய நீரோட்டம். மழையில்லாவிட்டால் வெறும் கல்லுக்குவியல். இரண்டு நாள் அடைமழை பெய்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு அதைப்போல வேறில்லை. அதில் மூன்று பெரிய விழுத்துகள், தண்ணீர் கல்லிலிருந்து கீழே விழும் இடங்கள், இருந்தன. முதலாவதுக்கு 'பஸ் ஸ்டாண்ட்' என்று பெயர் வைத்தார்கள், எல்லாப் பக்கத்திலிருந்தும் இடிபடும் என்பதால். இரண்டாவது 'சறுக்கீஸ்', பிள்ளைகளின் சறுக்குமரம் போல வழுக்குவதால். மூன்றாவதுக்குப் பெயர் வைத்தவள் சுபோதினி. அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், கிளாக்கராக இருந்தவர்.

"இதுக்குப் பேர் கச்சேரி. உள்ள போனா எப்ப வெளியில வருவம் எண்டு ஆருக்கும் தெரியாது."

கச்சேரி பதின்மூன்று அடி உயரம். விழுந்த தண்ணீர் முழுவதும் இடது பக்கத்துப் பாறையில் போய் மோதும். அந்தப் பாறையின் அடி அரிபட்டுக் குடைவாக இருந்தது. அங்கே செருகுப்பட்டால் கதை முடிந்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் இருவரும் அதன் விளிம்பில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தார்கள். பிறகு படகுகளைத் தோளில் வைத்துக்கொண்டு கரையால் நடந்தார்கள். "அடுத்த முறை" என்றான் ரொனி.

அடுத்த முறை வரவில்லை. சமாதானம் குலைந்து, சோதனைச் சாவடிகள் திரும்பி வந்திருந்தன. அன்று ஒரு வாடகை வானில் திரும்பி வரும்போது பாமன்கடைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் துவக்கின் பின்பக்கத்தால் சிவப்புப் படகைத் தட்டினான். உள்ளே வெறுமையாக இருந்ததால் அது பெரிய சத்தம் போட்டது.

"மே மொகத்த நங்கி?"

இது என்ன தங்கச்சி என்று கேட்டவனுக்கு அவள் சிங்களத்தில் விளக்கினாள். ரொனியின் அடையாள அட்டையில் கொழும்பு என்றிருந்ததால் அவனை விட்டுவிட்டார்கள். அவளுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு எதற்குப் படகு? வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்போருக்கான பொலிஸ் பதிவுத் துண்டைத் தில்லைநாதன் கொண்டுவந்து காட்டி அவளை அழைத்துப்போகும்வரை மூன்று மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை அவர் முன்னால் நடந்தார். கதவைத் திறக்கும்போதுதான் சொன்னார்.

"காணும் பிள்ளை, போதும். கிளாலியில உங்களை வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்ததோட எனக்கு இந்தத் தண்ணி, படகு எல்லாம் காணும்."

நேவியின் சூட்டுக்குத் தப்பி இரவில் கிளாலிக் கடலைக் கடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு அது ஒரு பயணம். அவருக்கு அது என்னவாக இருந்ததென்று அந்தக் கதவடியில்தான் அவளுக்கு விளங்கியது. அவள் நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ரொனி வெள்ளவத்தைக்கு வந்தான். ஃபிளாட்டுக்குக் கீழே நின்று, மூச்சு வாங்கச் சொன்னான்: "சுபோ, போய்ட்டேன். கச்சேரிக்குள்ள போய் வெளியில வந்துட்டேன்!" வலது பக்கத்தைப் பிடித்து வந்ததை, விளிம்பில் முளைத்திருக்கும் பல்லுக்கல்லுக்கு ஒரு கை தூரத்தில் கடைசித் துடுப்பை இடது பக்கமாக இழுத்ததை, படகின் மூக்கு மேலே நிற்க விழுந்ததை, கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். அவள் கேட்டாள், சிரித்தாள், பாராட்டினாள். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு வாழ்க்கை நடந்தது. ரொனி நேசம் என்ற பெண்ணைக் கட்டினான். அவள் தர்ஷனைக் கட்டினாள். யுத்தம் முடிந்தது. நத்தாருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கேக் வரும், பொங்கலுக்கு வெள்ளவத்தையிலிருந்து பொங்கல் போகும். ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது, பல் வைத்தியரின் கதிரையில் படுத்திருக்கும்போது, பிள்ளைகள் சோதனை எழுதும் அந்த நீண்ட அமைதியில், சுபோதினி கண்ணை மூடி அந்த விழுத்தால் இறங்கிக்கொண்டேயிருந்தாள். வலது பக்கம், பல்லுக்கல், ஒரு கை தூரம், இடது துடுப்பு.

இப்போது உண்மையாகவே பழகத் தொடங்கினாள். தர்ஷனிடம் சொன்னபோது அவன் பேப்பரை மடித்து வைத்தான்.

"அலுமாரிக்கு மேல இருக்கிற பெட்டியை எடுக்க என்னைக் கூப்பிடுற ஆள் நீர்."

"அது உயரம். இது தண்ணி."

"விழுந்தா?"

"விழத்தானே போறன். வேற எப்பிடிக் கீழ போறது?"

அவன் சிரித்துவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதமும் ஞாயிறு காலைகளில் தானே எழும்பி மேனுகாவுக்குச் சாப்பாடு செய்தான். சுபோதினி முதலில் ஒரு நீச்சல் தடாகத்தில் கவிழ்ந்து நிமிரப் பழகினாள். பதினொரு முறை தண்ணீர் குடித்தாள். பன்னிரண்டாம் முறை உடம்பு தானாக நினைவுபடுத்திக்கொண்டு சுண்டியது. தலை வெளியே வந்தபோது ரொனி தடாகத்தின் கரையில் கைதட்டிக்கொண்டிருந்தான். பிறகு கங்கைக்குப் போனார்கள். சுனில் நரைத்துப்போயிருந்தார். அவளை உடனே அடையாளம் கண்டு "எடா!" என்று கத்தினார்.

ஜூலை நடுப்பகுதியில் இரண்டு நாள் மழை அடித்து ஊற்றியது. மூன்றாம் நாள் விடிய நாலரைக்கு ரொனியின் வான் கீழே வந்து நின்றது. கூரையில் இரண்டு படகுகள் கட்டியிருந்தன. மஞ்சளும் சிவப்பும் எப்போதோ வெடித்துப்போய்விட்டன. இவை சுனிலின் கொட்டிலிலிருந்து வாங்கியவை. தில்லைநாதன் பல்கனியில் நின்று கீழே பார்த்தார். எண்பத்தொரு வயது. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

ஓயா கலங்கி, பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "அத வத்துர வெடியி, மிஸ்" என்றார் சுனில். தண்ணீர் இன்று கூடுதலாகத்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. படகில் இறங்கி, தண்ணீர் உள்ளே வராமல் மறைக்கும் ரப்பர்ப் பாவாடையை விளிம்பில் மாட்டினாள். தண்ணீர் படகைத் தூக்கியது.

பஸ் ஸ்டாண்டில் இடமும் வலமும் இடித்துத் தள்ளியது. பாறைகள் இடம் மாறியிருந்தன. ஆனால் இடிக்கும் விதம் அதேதான். ரொனி முன்னால் போனான். அவனுடைய முதுகு அகன்றிருந்தது, தலையின் பின்பக்கம் மயிர் உதிர்ந்திருந்தது. வலது தோளைக் கொஞ்சம் பதித்துக்கொண்டு துடுப்புப் போட்டான். ஆனாலும் தண்ணீர் வளையும் இடத்தில் உடம்பைச் சரிக்கும் அந்தச் சாய்வு இருபத்திரண்டு வயது ரொனியுடையது. அவள் அதே சாய்வைத் தானும் பிடித்தாள். நுரை முகத்தில் அடித்தது. சறுக்கீஸில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வழுக்கிக்கொண்டு போனார்கள். அடியில் போய்ச் சேர்ந்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடமும் இந்தச் சிரிப்பு எங்கே போயிருந்ததென்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கச்சேரிக்கு மேலே கரையேறினார்கள். சுனில் மறுகரையால் வந்து ஆபத்தில் எறிவதற்கான கயிற்றுப் பையோடு கீழே ஒரு பாறையில் நின்றார். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் வெள்ளை. சத்தத்தில் காலடிக் கல் அதிர்ந்தது. பல்லுக்கல் அப்படியே இருந்தது.

"அந்த வலப்பக்கம்தானே நீ பிடிச்சது?" என்று அவள் கத்திக் கேட்டாள்.

ரொனி தலைக்கவசத்தைக் கழற்றினான். அவளைக் கொஞ்சம் பின்னால், சத்தம் குறைந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"சுபோ. நான் போகல்ல."

"என்ன?"

"அண்டைக்கு. நான் இதுக்குள்ள போகவே இல்ல. வந்தேன், பார்த்தேன், பயந்தேன். நடந்து போய்ட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சூடேறியது.

"பத்தொன்பது வருஷம், ரொனி! பத்தொன்பது வருஷம் நான் நினைச்சன், உன்னால முடிஞ்சது, என்னாலதான் முடியேல்லை எண்டு!"

"தெரியும்."

"என்னத்துக்குச் சொன்னனி?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ நிப்பாட்டிட்டாய். நான் சொன்னா பொறாமையிலயாவது திரும்பி வருவாய் எண்டு நினைச்சேன். நீ வரல்ல. நல்லாச் செய்திருக்கிறாய் ரொனி எண்டு சொல்லி, தேத்தண்ணி தந்து அனுப்பிட்டாய். பிறகு எப்பிடி மாத்திச் சொல்றது?"

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அடிக்க வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. இருவருக்கும் அந்த வயதில் இன்னொன்றும் சொல்ல இருந்தது, அவன் கொட்டாஞ்சேனை வேதக்காரக் கிறிஸ்தவப் பையன், இவள் வெள்ளவத்தைச் சைவப் பிள்ளை என்பதால் சொல்லாமலே விட்டார்கள். அந்தப் பொய் அதற்குப் பதிலாக வந்ததோ என்று ஒரு கணம் நினைத்தாள். அதை அவள் கேட்கவில்லை. கேட்டு இப்போது ஆவதுமில்லை. நேசத்தை அவளுக்குப் பிடிக்கும்.

"அப்ப அந்தப் பல்லுக்கல்லு, ஒரு கை தூரம், இடப்பக்கத் துடுப்பு... எல்லாம் சும்மா புளுகோ?"

"புளுகு இல்ல." அவன் அவசரமாகத் திரும்பினான். "தேங்காய் போட்டுப் பார்த்தேன். கடையில ஏழு தேங்காய் வாங்கி, மேலேயிருந்து ஒவ்வொண்டா விட்டேன். இடப்பக்கம் போன மூண்டும் அந்தப் பாறைக்கடியில போய் நிண்டிருச்சு. வரல்ல. வலப்பக்கம் பல்லுக்கல்லோட ஒட்டிப் போன நாலும் கீழ வந்து மிதந்துச்சு. நாலும், சுபோ. ரெண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன்."

கோபத்துக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொனி மழையில் தனியாக உட்கார்ந்து தேங்காய் விட்டுக்கொண்டிருந்ததை நினைத்தாள். பிறகு எழும்பிப் போய் விளிம்பில் நின்றாள். இந்த முறை அவனுடைய கதையை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்தாள். ஒரு சுள்ளியைப் போட்டாள். இன்னொன்றைப் போட்டாள். தண்ணீர் கூடியிருந்ததால் வலப்பக்கத்தில் நாக்குப் போல வழுவழுப்பாக இறங்கும் நீர் முன்பைவிட அகலமாக இருந்தது. வழி இருந்தது. நேராக, தெளிவாக, அது அங்கேதான் இருந்தது. ஒருவரும் போயிராத வழி என்பது மட்டும்தான் புதிது.

"நான் போறன்" என்றாள்.

"என்னால ஏலாது சுபோ. இந்தத் தோளோட..."

"உன்னை ஆர் கேட்டது? நீ கீழ போய் கயிற்றோட நில்."

மேலே நின்ற தண்ணீரில் படகை இறக்கினாள். ரொனி கீழே பாறையில் கால் ஊன்றி, இடது கையில் கயிற்றுப் பையோடு நிற்பது தெரிந்தது. மறுகரையில் சுனில். ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள். பிறகு மூன்று துடுப்பு. பல்லுக்கல் வேகமாக வந்தது. வலது, வலது. தண்ணீர் வழுவழுவென்று வளைந்தது. கடைசித் துடுப்பை இழுத்தாள். அரைக் கணம் பிந்திவிட்டது.

படகின் மூக்கு கீழே குத்தியது. உலகம் வெள்ளையாகி, பிறகு மண்ணிறமாகி, பிறகு கறுப்பாகியது. தலைகீழாக இருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. துடுப்பை அழுத்தி இடுப்பைச் சுண்டினாள். பாதி எழும்பி, நுரையில் பிடிமானம் இல்லாமல் திரும்ப உள்ளே போனாள். மூச்சு முடிந்துகொண்டிருந்தது. படகை விட்டு வெளியேறலாம். ஆனால் எந்தப் பக்கம் பாறை என்று தெரியாது. உடம்பைச் சுருட்டினாள். கடலில் தண்டவாளத்துச் சனம் பார்க்கப் பழகிய அந்தப் பெண்பிள்ளை அவசரப்படாமல் துடுப்பின் முகத்தைத் தட்டையாக வைத்து, ஒரு கணம் பொறுத்து, சுண்டினாள்.

காற்று. சத்தம். வெளிச்சம். படகு பின்னுக்குத் திரும்பி, மேலே கச்சேரியைப் பார்த்தபடி மிதந்தது. இடப்பக்கத்துப் பாறை பத்தடி தள்ளி இருந்தது. ரொனி எறிந்த கயிறு அவள் மடிக்குக் குறுக்கே கிடந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள். சுனில் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ரொனி பாறையில் அப்படியே குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

அவன் தன் படகை நல்ல தோளில் வைத்துக்கொண்டு கரையால் நடந்து வந்தான். இந்த முறை அதை மறைக்க ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டாவது முறையும் எழும்பாட்டி நான் குதிச்சிருப்பேன்."

"அந்தத் தோளோடயோ?"

"ஓம். அந்தத் தோளோடதான்."

அவள் ஈரக் கையால் அவனுடைய தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பலமாகவே தட்டினாள். பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

அவிசாவளையில் ஒரு கடையில் நிறுத்தி மீன் வைத்த மாலுபாணும் பிளேன்டீயும் சாப்பிட்டார்கள். பழைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியே பேச்சு. சிறில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், கச்சான்காரர் இப்போது எங்கே, அந்தச் சிப்பாய் எங்கே இருப்பான். அவனுக்கும் அப்போது இருபது வயதுதான் இருக்கும் என்றாள் சுபோதினி. ரொனி இரண்டாவது பாணையும் தின்றுவிட்டு, ஒப்பரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று முதன்முதலாகச் சொன்னான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவேன், நேசத்தோடு இருப்பேன் என்று அவள் சொன்னாள்.

வெள்ளவத்தைக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. மேனுகா வாசலிலேயே மறித்தாள்.

"அம்மா, வீடியோ?"

"எடுக்கேல்லை. எல்லாற்ர கையிலயும் கயிறு."

"ஐயோ! அப்ப ஃபிரெண்ட்ஸ் ஆரும் நம்பமாட்டினம்."

"நம்பாட்டி விடட்டும்" என்றாள் சுபோதினி. அப்படிச் சொன்னபோது மனதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

தர்ஷன் அவளுடைய தாடையிலிருந்த கீறலைத் திருப்பிப் பார்த்து, டெட்டோல் எடுக்கப் போனான். தில்லைநாதன் பல்கனிக் கதிரையில் இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். கீழே பாணந்துறை ரயில் கடலோரமாகப் போனது. அது போய் முடியும்வரை இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தண்ணி கூடவோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம் அப்பா. நல்லாக் கூட."

"கவிண்டதோ?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். பிறகு வேண்டாமென்று விட்டாள்.

"கவிண்டது. ரெண்டாம் முறைதான் நிமிர்ந்தனான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. நெடுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, அவளுடைய தோளில் தொங்கிய ஈர உடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை உள்ளுக்குப் போடாத. கம்பியில விரிச்சுப் போடு. கடல் காத்துக்குக் காயட்டும்."